ஐந்து டம்ளர் பால்

"என்னைத் திறந்து விடுங்க அம்மா," என்றார் உலகநாதன்.

"எதைத் திறக்க அண்ணாச்சி? இந்தக் கொட்டகைக்குக் கதவே கிடையாதே," என்றாள் வடிவம்மை.

உண்மைதான். நாலு மூங்கில் கால், மேலே தென்னங்கீற்று, வாசலுக்கு ஒரு பழைய போர்வை. போர்வையின் மேல் ஒரு கொத்து வேப்பிலை செருகியிருந்தது. ஒரு ஆட்டுக்குட்டி நினைத்தால் முட்டித் தள்ளிவிட்டு வெளியே போய்விடலாம்.

உலகநாதன் அதற்குள் ஐந்து நாளாக உட்கார்ந்திருந்தார். உட்கார்ந்திருந்தார் என்று சொல்வதுகூடத் தப்பு. இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் நடந்து நடந்து, தரையில் ஒரு தடமே விழுந்திருந்தது.

"எனக்கு ஒண்ணுமே இல்லம்மா. ஏழே ஏழு முத்து. அதுவும் உளுந்து அளவுக்கு. காய்ச்சல் வரல. தலைவலி வரல. காலையில எட்டு இட்லி சாப்பிட்டேன்."

"அடுக்களைப் பேச்சி ஒன்பது இட்லின்னு சொன்னா."

"அவளுக்கு எண்ணத் தெரியாது."

வடிவம்மை சிரித்தாள். அவள் இடது புருவத்துக்கு மேல் ஒரு சின்னக் குழி உண்டு. ஏழு வயதில் அம்மை போட்டுப் போன அடையாளம். அதனால்தான் அந்த மடத்தில் அவள் மட்டும் போர்வையை விலக்கிக்கொண்டு உள்ளே வரலாம், உட்காரலாம், பேசலாம். மற்றவர்கள் சாப்பாட்டைத் துவைகல்லின் மேல் வைத்துவிட்டுத் தள்ளி நின்று குரல் கொடுத்தார்கள்.

அந்த மடத்துக்குப் பெரிய பெயர் ஒன்று உண்டு. சுற்றுவட்டாரத்தில் யாருக்கும் அது தெரியாது. எல்லாருக்கும் அது சோற்று மடம். தினமும் மத்தியானம் சோறு போடுவார்கள். வெள்ளிக்கிழமை மட்டும் அந்தப் பந்தி மாசமாக இருக்கிற பெண்களுக்கு. ஏழெட்டு ஊரிலிருந்து வருவார்கள். இடுப்பைப் பிடித்துக்கொண்டு இறங்கி, அடுத்தவள் வயிற்றைப் பார்த்து ஆணா பெண்ணா என்று வாதாடி, தயிர்சோறு இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டு, மூன்றாவது தரம் கேட்க வெட்கப்பட்டுக்கொண்டு போவார்கள். பேச்சி வெட்கப்பட விடாமல் மூன்றாவதும் போட்டுவிடுவாள்.

மடத்துக்குப் பொறுப்பு வடிவம்மை. வயது முப்பத்தாறு. நல்ல வார்த்தை நாலு கேட்கலாம் என்று அவளைத் தேடி வருகிறவர்கள் உண்டு. கேட்டால் அரிவாள்மணையை நகர்த்தி, "இந்தப் பூசணியை நறுக்கிக்கிட்டே சொல்லுங்க," என்பாள். நறுக்கி முடிப்பதற்குள் பாதிப் பேருக்குக் கேள்வி மறந்துவிடும்.

உலகநாதனுக்கு ஐம்பத்தெட்டு. நாலு வருடத்துக்கு முன்னால் வந்தார். வந்து நின்று கேட்டது ஒரே கேள்வி.

"கோவத்தை எப்படிம்மா விடுறது?"

"பாலுக்கு உறை ஊத்தத் தெரியுமா அண்ணாச்சி?"

"பால் சொசைட்டியில முப்பது வருஷம் பாலைத்தான் பார்த்தேன்."

"அப்போ இன்னைக்குச் சாயங்காலம் நீங்க ஊத்துங்க."

மறுநாள் பதில் கிடைக்கும் என்று நினைத்தார். மறுநாளும் பால்தான் கிடைத்தது. நாலு வருடமாக மடத்தில் தயிர் அவர் கைதான். கத்தியால் வெட்டி எடுக்கலாம் போல இருக்கும். புளிக்காது, நூல் விடாது. அதற்கென்று ஒரு சின்ன எவர்சில்வர் கரண்டி, எப்போதும் இடுப்பு மடிப்பில். வேறு யாரும் அதைத் தொடக்கூடாது.

அந்தக் கரண்டி இப்போது அவரோடு கொட்டகையில் இருந்தது.

"சரி அண்ணாச்சி, இன்னும் ஒரு வாரம்," என்றாள் வடிவம்மை. "முதுகுல ரெண்டு முத்து இன்னும் ஈரமா இருக்குன்னு ஆஸ்பத்திரி நர்ஸம்மா சொல்லியிருக்காங்க. கடைசிப் பொருக்கு உதிரட்டும். தலைக்கு மூணு தண்ணி விட்டாச்சுன்னா நேரா அடுக்களைக்குப் போயிடுங்க."

"ஒரு வாரம் முடியாது. வெள்ளிக்கிழமை நான் அடுக்களையில நிக்கணும்."

"நாளை மறுநாளா?"

"ஆமா."

"எழுதி வச்சிருக்கே."

அடுக்களைக் கதவில் நீலப் பெயின்டில் எழுதியிருந்தது. காய்ச்சல், அம்மை, கண்வலி, வயிற்றுப்போக்கு உள்ளவர்கள் உள்ளே வரக்கூடாது. நர்ஸம்மா சரி என்று சொன்ன பிறகே வரலாம். கோடு போட்டு, எழுத்துக்கு எழுத்து ஒரே உயரம். எழுதியவர் உலகநாதன்தான்.

போன வருடம் பேச்சியம்மாளுக்குக் கண்வலி வந்தது. அடுக்களையில் பத்து வருடமாகச் சோறு வடிப்பவள். மூன்றாம் நாளே கண் தெளிந்துவிட்டது என்று வந்து நின்றாள். இரண்டு கையையும் விரித்துக் கதவை மறித்துக்கொண்டு, எழுத்தைக் காட்டித் திருப்பி அனுப்பியவரும் உலகநாதன்தான்.

கிணற்றடியில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த பேச்சிக்கு இங்கே பேசுவது எல்லாம் கேட்டது. கேட்காவிட்டால்தான் ஆச்சரியம்.

"அண்ணாச்சி, கதவுல உள்ளதை வாசிச்சுக் காட்டட்டுமா?" என்று அங்கிருந்தே கேட்டாள். "எனக்கு இப்பக் கண்ணு நல்லாத் தெரியுது."

"உன் வேலையைப் பாருளா."

"உங்க வேலையையும் சேர்த்துத்தான் பாக்கேன். நேத்து நான் ஊத்தின தயிரு எப்படி?"

"அது தயிரா? புளிச்ச தண்ணி."

"எல்லாரும் குடிச்சாக, யாரும் சாகல."

வடிவம்மை முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். ஆனால் உலகநாதன் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. 

"என்ன அண்ணாச்சி?"

உலகநாதன் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"செண்பகம் வாரா."

செண்பகம் அவருடைய ஒரே மகள். நாலு வருடத்தில் அவளைப் பற்றி அவர் பேசுவது இதுதான் முதல் தடவை.

"நர்ஸம்மா அவ ஊருக்கும் போறாங்கள்ல, அவங்ககிட்டச் சொல்லிவிட்டிருக்கா. அவளுக்கு ஏழு மாசம். வெள்ளிக்கிழமைப் பந்திக்கு வாராளாம். அப்பா கையால தயிர்சோறு கிடைக்குமான்னு கேட்டிருக்கா."

"நல்ல சேதிதானே."

"உங்களுக்குத் தெரியாதும்மா. அவ இஷ்டத்துக்குக் கல்யாணம் பண்ணிக்கிட்டு, கழுத்துல மாலையோட வந்தா. நான் வாசப்படியில நின்னேன். 'அங்கேயே நில்லு'ன்னு சொன்னேன். நின்னா. அரைமணி நேரம் நின்னா. நான் உள்ள போயிட்டேன். அவ திரும்பிப் போயிட்டா."

வடிவம்மை தண்ணீர்ச் செம்பை அவர் பக்கம் நகர்த்தினாள்.

"அந்த ரெண்டு வார்த்தைதான் நான் அவகிட்டக் கடைசியாப் பேசினது. இப்ப அவளா வாரா. வந்து பந்தியில உக்காந்து, நான் இல்லன்னா என்ன நினைப்பா? கெழவன் இன்னும் கோவத்துல ஒளிஞ்சுக்கிட்டான்னு நினைப்பா. மறுபடி வருவாளா?"

"அம்மை போட்டிருக்குன்னு நான் சொல்லுதேன்."

"நம்புவாளா? வீம்புக்குச் சொல்ற சாக்குன்னு நினைப்பா. நான்னா அப்படித்தான் நினைப்பேன். என் மக, எனக்குத் தெரியும்."

அவர் எழுந்து நின்றார்.

"நான் ஒண்ணு கேக்கேன் அம்மா. உடம்பு என்னுது. கை என்னுது. வலி இல்ல, சோர்வு இல்ல. நான் நல்லா இருக்கேன்னு நான் சொன்னாப் பத்தாதா? என் உடம்பு எனக்குத் தெரியாதா?"

"நல்லாத்தான் இருக்கீங்க அண்ணாச்சி."

"பெறகு?"

"முதுகைப் பார்த்தீங்களா?"

"என் முதுகை நான் எப்படிம்மா பாக்க?"

"அதைத்தான் நானும் யோசிச்சுக்கிட்டு இருக்கேன்," என்று சொல்லிவிட்டு வடிவம்மை எழுந்து போனாள்.

சாயங்காலம் வெயில் தணிந்ததும் திரும்பி வந்தாள். கையில் ஒரு தட்டு. தட்டில் ஐந்து டம்ளர். ஐந்திலும் முக்கால் அளவுக்குப் பால். விரல் பொறுக்கும் சூடு. மேலே ஆடைகூடப் படரவில்லை.

"அண்ணாச்சி, பால் விஷயத்துல உங்களை யாரும் ஏமாத்த முடியாதுன்னு சொல்லுவாங்களே."

"யாரு சொன்னா?"

"நீங்கதான்."

உலகநாதனுக்கு லேசாகச் சிரிப்பு வந்தது. "என்ன விஷயம் சொல்லுங்க."

"இதுல ஒரு டம்ளர்ல உறை போட்டிருக்கேன். இப்பத்தான், அடுக்களையில இருந்து நடந்து வர்ற நேரந்தான் ஆச்சு. எந்த டம்ளர்னு சொல்லிட்டீங்கன்னா கதவுல உள்ள எழுத்தை நான் அழிச்சிடுதேன். வெள்ளிக்கிழமை தயிர் நீங்கதான். யாரும் மறிக்க மாட்டாக."

"வாக்கா?"

"வாக்கு."

கிணற்றடியில் பாத்திரச் சத்தம் நின்றது.

உலகநாதன் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். வேட்டியை இழுத்துவிட்டுக்கொண்டார். சொசைட்டியில் முதல் கேனைத் திறந்த நாளில்கூட அவ்வளவு நிமிர்ந்து உட்கார்ந்திருக்க மாட்டார். இடுப்பிலிருந்து கரண்டியை எடுத்தார். செம்புத் தண்ணீரில் கழுவினார். துண்டில் துடைத்து, வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தார்.

முதல் டம்ளரில் விட்டுக் கலக்கி, ஒரு சொட்டை உள்ளங்கையில் விட்டு நாக்கில் வைத்தார். கண்ணை மூடிக்கொண்டார். கரண்டியை ஒரு உதறு உதறிவிட்டு இரண்டாவதற்குப் போனார். பிறகு மூன்று, நான்கு, ஐந்து.

"சொல்லலாமா?" என்றாள் வடிவம்மை.

"அவசரப்படாதீங்க."

சொசைட்டியில் அவருக்கு ஒரு பழக்கம். மூன்று தரம் பார்க்காமல் எந்தக் கேனையும் திருப்பி அனுப்ப மாட்டார். பாவப்பட்ட வீட்டுப் பால், ஒரு தரம் பார்த்துவிட்டுத் தப்பு சொல்லிவிட்டால் அன்றைக்கு அவர்கள் அடுப்பு எரியாது என்பார். அதனால் இப்போதும் முதலிலிருந்து தொடங்கினார். கலக்கினார், சொட்டு விட்டார், உதறினார். ஐந்தும் முடிந்ததும் மறுபடி முதலுக்கு வந்தார். மூன்றாவது சுற்று மிக நிதானமாகப் போயிற்று. பிள்ளைக்கு மருந்து கொடுக்கிற மாதிரி.

கடைசியில் கரண்டியைக் கழுவி இடுப்பில் செருகிக்கொண்டார்.

"ரெண்டாவது."

"நிச்சயமாவா?"

"நாக்கு நுனியில லேசா ஒரு புளிப்புச் சுணை தட்டுது. மத்த நாலும் பாலு."

வடிவம்மை அவரையே பார்த்தாள். அவள் கண்ணில் நிஜமாகவே வியப்பு இருந்தது.

"சரிதான் அண்ணாச்சி. ரெண்டாவதுலதான் போட்டேன்."

உலகநாதன் கொட்டகைக்கு வெளியே எட்டிப் பார்த்தார். "கேட்டியாளா பேச்சி?"

"கேட்டேன், கேட்டேன்," என்றாள் பேச்சி. பாத்திரச் சத்தம் முன்னைவிடப் பலமாகத் தொடங்கியது.

வடிவம்மை டம்ளர்களை மூடி, கொட்டகையின் மூலையில் வரிசையாக வைத்தாள். "இது இங்கேயே இருக்கட்டும். எழுத்து இன்னும் அழியலையே. நீங்க கை வச்சதை அடுக்களைக்குக் கொண்டுபோகக் கூடாது. காலையில வாரேன்."

அன்றைக்கு உலகநாதன் நன்றாகத் தூங்கினார்.

விடிந்ததும் எழுந்தார். முகம் கழுவி, தலை சீவி, பாயைச் சுருட்டி வைத்துவிட்டு, ஊருக்குப் போகிறவர் மாதிரி உட்கார்ந்திருந்தார். வடிவம்மை சொன்னபடி வந்தாள். ஒரு கையில் வாளி, ஒரு கையில் ஈரத்துணி.

"வாங்க அண்ணாச்சி, போய் அழிப்போம். அதுக்கு முன்னால வெறும் வயித்தோட வராதீங்க. அந்தப் பாலை எடுத்துக் குடிங்க. ரெண்டாவது தயிராயிருக்கும், அதை விட்டுடுங்க. மத்தது பாலுதானே."

உலகநாதன் முதல் டம்ளரை எடுத்தார். மூடியை எடுத்துவிட்டு வாய்க்கு நேராகச் சாய்த்தார்.

ஒன்றும் வரவில்லை.

டம்ளரை நிமிர்த்திப் பார்த்தார். தட்டினார். உள்ளே இருந்தது அசைந்தது, ஆனால் ஓடவில்லை.

கீழே வைத்துவிட்டு மூன்றாவதை எடுத்தார். அதுவும் அப்படியே. நாலாவது கொஞ்சம் இளக்கம். ஐந்தாவது ஓரமெல்லாம் பிடித்து, நடுவில் மட்டும் தளதளவென்று ஆடியது.

இரண்டாவதை அவர் திறக்கவே இல்லை.

காய்ச்சிய பால் வைத்தால் திரியும். திரிந்த பால் வேறு, உறைந்த தயிர் வேறு. முப்பது வருடம் பார்த்தவருக்கு அது தெரியாதா? இது தயிர். நல்ல தயிர்.

"எல்லாத்துலயும் போட்டீங்களா?" என்றார். குரல் இறங்கிவிட்டிருந்தது.

"ஒண்ணுலதான் அண்ணாச்சி. ரெண்டாவதுல. நீங்கதான் சரியாச் சொன்னீங்களே."

"பெறகு இந்த நாலும்?"

வடிவம்மை கையிலிருந்த ஈரத்துணியிலிருந்து தண்ணீர் சொட்டுச் சொட்டாக மண்ணில் விழுந்தது.

உலகநாதன் சும்மா உட்கார்ந்திருந்தார். பிறகு கை தானாக இடுப்புக்குப் போனது. கரண்டியை எடுத்தார். வெளிச்சத்துக்குப் பிடித்தார். பளபளவென்று இருந்தது. திருப்பிப் பார்த்தார். அந்தப் பக்கமும் பளபளவென்றுதான் இருந்தது.

"நான் கழுவிட்டுத்தான் தொட்டேன்," என்றார்.

"நான் பார்த்தேனே."

"மூணு தரம் பார்த்தேன். தப்பு வந்துடக் கூடாதுன்னு."

"அதையும் பார்த்தேன்."

அவர் ஐந்து டம்ளர்களையும் பார்த்தார். விரலை நீட்டி, தொடாமலே ஒவ்வொன்றாக எண்ணினார்.

"வாங்க அண்ணாச்சி," என்றாள் வடிவம்மை. விளையாட்டுக்குச் சொல்லவில்லை. துணியைப் பிழிந்துவிட்டுத் தயாராக நின்றாள். "வாக்குக் கொடுத்திருக்கேன். நீங்க ஜெயிச்சாச்சு. அழிச்சிடுவோம்."

உலகநாதன் எழுந்திருக்கவில்லை.

"நாளைக்குப் பந்தியில எத்தனை பேரும்மா?"

"இந்த வாரம் அறுபதுக்குக் குறையாது."

வெளியே ஒரு காகம் துவைகல்லில் உட்கார்ந்து கத்திவிட்டுப் போனது. பேச்சி யாரையோ திட்டிக்கொண்டே விறகு பிளந்தாள்.

உலகநாதன் தலையைத் தூக்கினார்.

"செண்பகத்துக்குச் சின்னதுல அம்மை போட்டுச்சான்னு எனக்கு ஞாபகம் வரல அம்மா."

"யோசிச்சுப் பாருங்க."

"அவ அம்மாவுக்குத்தான் தெரியும். அவ போய்ச் சேர்ந்து பத்து வருஷமாச்சு. நான் எப்பப் பார்த்தாலும் சொசைட்டியிலேயே கிடந்தேன். பிள்ளைக்கு எப்பப் பல்லு முளைச்சது, எப்ப அம்மை போட்டுச்சு, ஒண்ணும் தெரியாது." நிறுத்தினார். "வாளியை எடுத்துட்டுப் போங்க."

"அழிக்கவா வேண்டாமா?"

"போங்கம்மா."

வடிவம்மை போகவில்லை. அவருக்கு எதிரே உட்கார்ந்துகொண்டாள். இரண்டாவது டம்ளரைத் திறந்து, விரலால் ஒரு துண்டு எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள்.

"உங்க கைக்கு உள்ளது மாதிரி வரல," என்றாள்.

"கொஞ்சம் கூடப் போட்டுட்டீங்க. பாதிக் கரண்டி போதும்."

உலகநாதன் மற்ற டம்ளர்களை ஒவ்வொன்றாக மூடினார்.

"அவளை வரவேண்டாம்னு சொல்லிவிட்டுடுங்க," என்றார் உலகநாதன்.

"நாலு வருஷமா வராத பிள்ளையை வராதேன்னு சொல்ல என் வாயால ஆகாது அண்ணாச்சி."

"அப்போ நான் என்ன செய்ய?"

வடிவம்மை இன்னொரு துண்டுத் தயிரை எடுத்தாள். 

உலகநாதன் போர்வையை ஒதுக்கினார். கொட்டகைக்கு எதிரே வெட்டவெளி, அதைத் தாண்டி ஒரு புங்கமரம். அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்த மரத்தடியில ஒரு நாற்காலி போடச் சொல்லுங்க. இங்க இருந்து நாப்பது அடி இருக்கட்டும்."

"வெட்டவெளியில இருபது போதும்னு நர்ஸம்மா சொன்னாங்களே."

"நாப்பது."

"அவ பேசினா உங்களுக்குக் கேக்காது."

"பரவாயில்ல. அம்மை விஷயத்தை நானே சொல்லிக்கிடுதேன், நீங்க சொல்ல வேண்டாம். நான் பேசுறது அவளுக்குக் கேட்டாப் போதும். எனக்குக் குரல் இருக்கு."

குரல் இருந்தது என்பதை அன்று சாயங்காலம் மடமே தெரிந்துகொண்டது. பேச்சி உறை ஊற்ற உட்கார்ந்தாள். கொட்டகையிலிருந்து ஒவ்வொன்றாக வந்தது.

"ஏளா பேச்சி, விரலை விட்டுப் பாரு. சுடக்கூடாது, ஆறியும் போயிருக்கக் கூடாது."

"பார்த்தாச்சு."

"உறையை முதல்ல தனியா அடிச்சுக் கரைச்சுக்கோ."

"கரைச்சாச்சு."

"ஊத்திட்டு ரெண்டே சுத்து. மாவு ஆட்டுற மாதிரி ஆட்டாதே."

"இந்த மனுஷனுக்கு அம்மை வாயில போட்டிருக்கக் கூடாதா," என்றாள் பேச்சி, பொதுவாக எல்லாரையும் பார்த்து. ஆனால் இரண்டே சுற்றுத்தான் சுற்றினாள்.

வெள்ளிக்கிழமை வந்தது.

பதினொரு மணியிலிருந்தே பெண்களின் சத்தம். சிரிப்பு. வளையல். யாரோ ஒருத்தி ஊறுகாய் கேட்டாள். உலகநாதன் போர்வைக்குப் பின்னால் நின்று ஒவ்வொரு குரலாகக் கேட்டார். எதுவும் அவள் குரலாக இல்லை. நாலு வருடத்தில் குரல் மாறியிருக்குமோ என்று நினைத்தார்.

பிறகு அடுக்களைப் பக்கமிருந்து வடிவம்மை வந்தாள். அவள் பின்னால் செண்பகம். அவள் அம்மாவின் நடை. கையில் தட்டு நிறையத் தயிர்சோறு. வயிறு முன்னால் வந்திருந்ததால் கொஞ்சம் பின்னால் சாய்ந்து நடந்தாள்.

புங்கமரத்தடியில் வடிவம்மை நின்றுகொண்டாள். செண்பகம் நிற்கவில்லை. போர்வைக்குப் பின்னால் அப்பாவின் வேட்டி தெரிந்துவிட்டது. நாற்காலியைப் பார்க்கக்கூட இல்லை, தாண்டி நடந்தாள். கால் வேகமாக வந்தது.

உலகநாதன் போர்வையை ஒதுக்கிவிட்டுக் கையைத் தூக்கினார்.

"அங்கேயே நில்லு."

அவள் நின்றுவிட்டாள்.

அதே இரண்டு வார்த்தை. அதே கனத்த குரல். தட்டு அவள் கையில் சாய்ந்தது. ஒரு கவளம் சோறு மண்ணில் விழுந்தது. பந்தியில் பேச்சு நின்றது. பேச்சி அகப்பையோடு அடுக்களை வாசலுக்கு வந்துவிட்டாள்.

செண்பகம் திரும்பப் போகிறவள் மாதிரி ஒரு காலை எடுத்தாள்.

"போகாதே தாயி," என்றார் உலகநாதன். குரல் உடைந்துவிட்டது. மறுபடி சேர்த்துப் பிடித்துக்கொண்டு சத்தமாகச் சொன்னார். "எனக்கு அம்மை போட்டிருக்கு. ஏழே ஏழு முத்துதான். ஆனா கிட்ட வராதே. அந்த நாற்காலியில போய் உக்காரு. நாலு வருஷத்துப் பேச்சு இருக்கு. நீ போகாதே."

செண்பகம் போர்வையில் இருந்த வேப்பிலையைப் பார்த்தாள். அவர் முகத்தைப் பார்த்தாள். திரும்பி, நாற்காலி இருக்கிற தூரத்தைப் பார்த்தாள்.

"இவ்வளவு தூரமா?"

"நாப்பது அடி. நான்தான் போடச் சொன்னேன்."

அவள் பின்னால் நடந்து போய், நாற்காலியின் கையைப் பிடித்து மெல்ல உட்கார்ந்தாள். தட்டை வயிற்றின் மேல் வைத்துக்கொண்டாள். அழுதுகொண்டே ஒரு வாய் எடுத்து வைத்தாள். மென்றாள். நெற்றி சுருங்கியது.

"அப்பா," என்று அங்கிருந்து கத்தினாள். "இது உங்க கை மாதிரி இல்லியே."

"என் கை படல தாயி," என்றார் உலகநாதன். "பயப்படாம சாப்பிடு."